பளிங்கு எலும்பைக் கண்ட மருத்துவர்

பிறர் நோயின் மூலத்தைக் காண முயன்று, தம் உடலையே இழந்த மேலோர் சிலர் உளர். அவர்களுள் ஒருவர் ஹைன்ரிக் ஆல்பர்ஸ்-ஷோன்பெர்க். மருத்துவ உலகம் இன்றும் அவர் பெயரைச் சொல்லி ஒரு நோயை அழைக்கிறது.

ஜெர்மனி தேசத்துத் துறைமுகப் பட்டினமாகிய ஹாம்பர்க்கில் 1865ஆம் ஆண்டு இவர் பிறந்தார். லைப்சிக் நகரில் மருத்துவப் பட்டம் பெற்றுச் சொந்த ஊருக்கே திரும்பினார். 1895ஆம் ஆண்டின் இறுதியில் ராண்ட்கன் என்னும் விஞ்ஞானி எக்ஸ்ரே கதிர்களைக் கண்டறிந்தார். அதன் பயனை உடனே உணர்ந்த ஆல்பர்ஸ்-ஷோன்பெர்க், 1897இல் இத்துறைக்கென்றே ஒரு பத்திரிகையைத் தம் நண்பருடன் சேர்ந்து தொடங்கினார்.

1904ஆம் ஆண்டில், பன்முறை எலும்பு முறிந்து துன்புற்ற ஓர் இளைஞரின் எக்ஸ்ரே படத்தை இவர் ஆராய்ந்தார். எலும்பின் நடுவே மஜ்ஜை உறையும் இடம் படத்தில் சற்றே மங்கித் தோன்றுவது இயல்பு. இங்கோ எலும்பு முழுவதும் ஒரே வெண்மையாய்ப் பளிங்குபோல் காட்சி தந்தது. அதனால் பளிங்கு எலும்பு நோய் என்று பெயர் வந்தது.

பழைய எலும்பைக் கரைத்து நீக்கும் அணுக்கள் தம் வேலையைச் செய்யாமையே இந்நோய்க்குக் காரணம். எலும்பு தடித்தும் உறுதியின்றி எளிதில் முறிகிறது. குழந்தைப் பருவத்திலேயே தோன்றும் கடுமையான வகையில், மஜ்ஜைக்கு இடமின்றி ரத்தம் குன்றும். நரம்புகள் நெருக்குண்டு பார்வையும் செவியும் கெடும். இவ்வகை ஏறத்தாழ 2,50,000 குழந்தைகளுள் ஒன்றுக்கே வருவது. எனினும், நெருங்கிய உறவில் மணம் செய்யும் குடும்பங்களில் இது தோன்றும் வாய்ப்பு மிகுதி. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கமுடைய நாம் இதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சிறு அடிக்கே குழந்தையின் எலும்பு முறிந்தால், கவனியாத தாய் என்று வீட்டார் பழிப்பதுண்டு. அப்பழி பொய்யென்று ஓர் எக்ஸ்ரே படம் காட்டிவிடக்கூடும். நோயைக் காலத்தே அறிந்தால், மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையால் குழந்தைகள் பலரைக் காப்பாற்றவும் இன்று வழியுண்டு.

கதிர்கள் முயல் போன்ற பிராணிகளின் இனவிருத்தியைக் கெடுப்பதை 1903இலேயே கண்டு உலகை எச்சரித்தவரும் இவரே. ஆயினும், காப்பின்றி உழைத்த தொடக்க ஆண்டுகள் இவரை விடவில்லை. கதிர்பட்ட புண் புற்றாகி, இடக் கை துண்டிக்கப்பட்டது. அதன் பின்னும் பணியை விடாது, 1919இல் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1921இல் மறைந்தார். கதிர்களால் உயிர் துறந்தோருக்காக 1936இல் ஹாம்பர்க்கில் எழுப்பப்பட்ட நினைவுத் தூணில் இவர் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது.

எக்ஸ்ரே அறையில் நம் குழந்தைக்கு ஈயக் கவசம் அணிவிக்கும்போதும், பணியாளர் தடுப்புக்குப் பின்னே செல்லும்போதும், அந்தக் காப்புக்கு விலை கொடுத்த இப்பெரியாரை நன்றியுடன் நினைப்போமாக.