பேப்பர் குழாயில் பாடிய மதுரை சிறுமி: எம்.எஸ். சுப்புலட்சுமியின் கிராமபோன் கதை

விடியற்காலையில் கோயில் குழாய் ஸ்பீக்கரில் வெங்கடேச சுப்ரபாதம் கேட்காத ஊர் மதுரைப் பக்கம் இருக்குமா? பாடியவர் எம்.எஸ். சுப்புலட்சுமி என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால், அவரது குரல் முதன்முதலில் இசைத்தட்டில் ஏறியபோது அவருக்கு வயசு 10தான்!

எம்.எஸ். என்றால் என்ன?

எம் என்பது மதுரை. எஸ் என்பது அம்மா சண்முகவடிவு. 1916 செப்டம்பர் 16-ம் தேதி பிறந்த இவரை வீட்டில் குஞ்சம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மீனாட்சி அம்மன் கோயில் பக்கத்தில் அனுமந்தராயன் கோயில் தெருவில் வீடு. அம்மா வீணை, பாட்டி அக்கம்மாள் வயலின். தேவதாசி மரபில் வந்த குடும்பம். அதனால் அப்பா பெயருக்குப் பதில் அம்மா பெயரே இனிஷியல் ஆனது.

கிராமபோன் பாட்டைக் கேட்டுவிட்டு, பேப்பரைக் குழாய் மாதிரி சுருட்டி அதற்குள் மணிக்கணக்கில் பாடிக்கொண்டிருப்பாராம். அப்புறம் நிஜமாகவே சான்ஸ் வந்தது. 1926-ல் அம்மா வீணை வாசிக்க, மகள் பாடிய முதல் ரெக்கார்டு வெளியானது.

அப்போது எப்படிப் பதிவு செய்தார்கள்?

1920-களின் நடுப்பகுதி வரை ரெக்கார்டிங்குக்கு மைக் கிடையாது. பெரிய கூம்புக்கு முன்னால் நின்று சத்தமாகப் பாட வேண்டும். அந்த அதிர்வில் ஒரு ஊசி மெழுகில் கோடு கீறும். அதை அச்சாக வைத்து அரக்குத் தட்டுகள் தயாராகும். நிமிஷத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கம் மூணு, நாலு நிமிஷத்தில் முடிந்துவிடும். ராகத்தை விஸ்தாரமாகப் பாட இடமில்லை, சுருக்கித்தான் பாட முடியும்.

இதில் என்ன பெரிய விஷயம்?

தேவதாசி குடும்பத்துப் பெண்களைச் சமூகம் தள்ளி வைத்துப் பார்த்த காலம் அது. பெரிய கச்சேரி மேடைகள் ஆண்கள் கையில் இருந்தன. ஆனால் ரெக்கார்டுக்கு அந்தத் தடை இல்லை. பாடியவரைப் பார்க்காதவர்கள் வீட்டுக்குள்ளும் குரல் போய்ச் சேர்ந்தது.

1936-ல் சென்னைக்குப் போனார். 1938-ல் சேவாசதனம், 1945-ல் மீரா என சினிமாவிலும் ஜொலித்தார். 1966-ல் ஐ.நா. சபையில் பாடினார். 1998-ல் பாரத ரத்னா கிடைத்தது.

சுப்ரபாதம் எப்படி வந்தது?

எல்.பி. தட்டு வந்ததும் ஒரு பக்கத்தில் 20 நிமிஷம் வரை பாட முடிந்தது. 1963-ல் வெளியான சுப்ரபாதம் அப்படி வந்ததுதான். அதன் ராயல்டியை திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கே கொடுத்துவிட்டார்.

2004 டிசம்பர் 11-ம் தேதி எம்.எஸ். மறைந்தார்.

அவருடைய பழைய 78 ரெக்கார்டுகளைக் கேட்கப் போறீங்களா? பாஸ், ட்ரெபிள் இரண்டையும் குறைச்சிடுங்க. அந்தத் தட்டுகளில் ஆழமான பாஸ் கிடையாது, கூட்டினால் உறுமல்தான் வரும். ட்ரெபிளைக் கூட்டினால் ஊசி உரசும் இரைச்சல்தான் கேட்கும். குறைத்து வைத்தால் குரல் தனியாக முன்னால் வரும்.