பழைய பாரிஸைக் காத்த யூஜீன் அத்ஜே

ஒரு தெருவில் நாம் பல ஆண்டுகள் நடந்து பழகியிருப்போம். அத்தெரு மூலையில் இருந்த கட்டடம் ஒன்று ஒரு நாள் இடிக்கப்படுகிறது. ஆறு மாதம் சென்றபின் அவ்விடத்தில் முன்பு என்ன இருந்தது என்று யாரேனும் வினவினால், நாலு பேர் நாலு விதமாக விடை கூறுவர். மருந்துக் கடை என்பார் ஒருவர். தையற் கடை என்பார் மற்றொருவர். மனித நினைவின் வலிமை அவ்வளவே. இந்நிலையில், உலகப் புகழ் வாய்ந்த ஒரு மாநகரத்தின் மறையவிருந்த வீதிகளையும், வீடுகளையும், கடைகளையும் முப்பது ஆண்டுக் காலம் தனியொருவராக நின்று படம் பிடித்து வைத்த ஒருவரின் வரலாறு நாம் அறியத் தக்கதாகும். அவர்தாம் பிரான்சு தேசத்தைச் சேர்ந்த யூஜீன் அத்ஜே. புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவராக இன்று போற்றப்படும் அவர், தம் வாழ்நாளில் அத்தொழிலை வயிற்றுப் பிழைப்பாகவே கருதி வந்தார்.

தென்மேற்குப் பிரான்சில், போர்தோ நகருக்கு அருகிலுள்ள லிபூர்ன் என்னும் ஊரில் 1857ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் அத்ஜே பிறந்தார். தந்தை குதிரை வண்டிகள் செய்யும் தொழிலாளி. அத்ஜே சிறு பிள்ளையாக இருந்தபோதே தந்தையும் தாயும் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். தாய்வழிப் பாட்டனாரும் பாட்டியாரும் அவரை வளர்த்தனர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் வணிகக் கப்பலில் சேர்ந்து சில காலம் கடலில் திரிந்தார். ஆயினும் அவர் உள்ளம் நாடகத்தின்மீதே நாட்டம் கொண்டிருந்தது. 1878ஆம் ஆண்டு பாரிஸுக்கு வந்து, அரசாங்க நாடகக் கல்லூரியின் நுழைவுத் தேர்வு எழுதித் தோல்வியுற்றார். மறு ஆண்டு இடம் கிடைத்தது. ஆனால் அக்காலத்தில் கட்டாய இராணுவ சேவையும் அவர் தலைமேல் இருந்தது. பாசறைக்கும் வகுப்பறைக்கும் இடையே அலைந்ததில் வகுப்புக்கு ஒழுங்காகச் செல்ல இயலவில்லை. 1881ஆம் ஆண்டு கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார்.

பின்னர் ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழுக்களில் சிறு வேடங்கள் ஏற்று நடித்தார். அங்கேதான் தம் வாழ்க்கைத் துணைவியாகிய வலென்டீன் கொம்பாஞோன் என்னும் நடிகையைச் சந்தித்தார். தொண்டையில் ஏற்பட்ட நோயினால் நடிப்புத் தொழிலையும் கைவிட நேர்ந்தது. ஓவியம் தீட்டிப் பார்த்தார்; அதுவும் சோறு போடவில்லை. வயது முப்பதைக் கடந்துவிட்டது. கப்பல், நாடகம், ஓவியம் ஆகிய மூன்றும் கைகொடுக்காத நிலையில்தான் அவர் காமிராவைக் கையில் எடுத்தார்.

ஓவியர்களுடன் பழகியதில் அவர் ஓர் உண்மையைக் கண்டிருந்தார். மரமோ, மலரோ, வண்டியோ வரைய விரும்பும் ஓவியருக்கு முன்மாதிரியாக ஒரு படம் தேவைப்படும். அதைக் குறைந்த விலைக்குக் கொடுத்தால் வாங்குவர். ஆகவே தம் வீட்டு வாயிலில், ஓவியர்களுக்கு வேண்டிய ஆதாரப் படங்கள் கிடைக்கும் என்ற பொருள்பட ஒரு பலகையைத் தொங்கவிட்டார். தம்மைக் கலைஞர் என்று அவர் அழைத்துக்கொண்டதே இல்லை.

அக்காலப் பாரிஸின் நிலையை ஈண்டு சிறிது கூறுதல் வேண்டும். மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில், 1853 முதல் 1870 வரை, ஓஸ்மான் என்னும் அதிகாரி பாரிஸின் குறுகிய பழந்தெருக்களை இடித்துத் தள்ளி அகன்ற சாலைகளை அமைத்தார். நகரம் அழகு பெற்றது. காற்றும் வெளிச்சமும் வந்தன. ஆனால் பல நூற்றாண்டுப் பழைமை மண்ணோடு மண்ணாயிற்று. எஞ்சியவற்றையாவது குறித்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் மெல்ல எழுந்து, 1897ஆம் ஆண்டு பழைய பாரிஸுக்கென நகராட்சிக் குழு ஒன்று ஏற்படுத்தப்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில்தான் அத்ஜேயும் பழைய பாரிஸைப் படம் பிடிக்கத் தொடங்கினார். நகர வரலாற்றுக்குரிய கார்னவாலே காட்சிசாலை, நகர நூலகம், தேசிய நூலகம் ஆகியவை அவரிடம் படங்கள் வாங்கின. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையும் அவருக்கு வாடிக்கையாயிற்று.

அவருடைய காமிரா மரத்தாலானது. 18 சென்டிமீட்டருக்கு 24 சென்டிமீட்டர் அளவுள்ள கண்ணாடித் தகட்டில் படம் பதியும். காமிரா, முக்காலி, கறுப்புத் துணி, கண்ணாடித் தகடுகள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய இருபது கிலோ நிறை. இச்சுமையைத் தூக்கிக்கொண்டு, தெருவில் நடமாட்டம் தொடங்குமுன் பெரும்பாலும் விடியற்காலையிலேயே புறப்பட்டுவிடுவார். படம் பதியச் சில விநாடிகள் ஆகும். அதற்குள் யாரேனும் குறுக்கே நடந்தால், அவர் படத்தில் புகைபோன்ற உருவமாகவே காணப்படுவார். வீட்டிற்குத் திரும்பியபின், தகட்டின்மேல் இரசாயனம் பூசிய தாளை வைத்து மரச் சட்டத்தில் இறுக்கி வெயிலில் காயவைப்பார். தகட்டின் அளவு எதுவோ அதுவே படத்தின் அளவு. கைக்குச் சிறிய காமிராக்கள் வந்தபின்னும் அவர் இப்பழைய முறையை மாற்றிக்கொள்ள மறுத்துவிட்டார்.

அவர் பிடித்த படங்களில் அரண்மனைகளும் தேவாலயங்களும் உண்டு. ஆனால் பிறர் பொருட்படுத்தாத கடைகளையும் தொழில்களையும் பதிவு செய்ததே அவருடைய தனிச் சிறப்பு. பாரிஸில் 1805ஆம் ஆண்டு வீடுகளுக்கு ஒழுங்கான இலக்கமிடுமுன், கடைகளை அவற்றின் அடையாளச் சின்னங்களைக் கொண்டே மக்கள் அறிந்தனர். எழுத்தறியாதவரும் புரிந்துகொள்ளும்படி இரும்பிலும் மரத்திலும் செதுக்கிய உருவங்கள் வாயிலின்மேல் தொங்கும். ஆயுதம் தாங்கிய வீரன், முரசு போன்ற சின்னங்களைக் கொண்ட மதுக்கடைகளை அத்ஜே தேடித் தேடிப் படமெடுத்தார். முரசுச் சின்னம் கொண்ட கடையை அவர் 1908ஆம் ஆண்டு எடுத்த படத்தில், கண்ணாடிக் கதவின் பின்னே மனித முகங்கள் உற்று நோக்குகின்றன. அக்கண்ணாடியிலேயே காமிராவின் நிழலும் விழுந்திருக்கிறது.

தெருவில் கூவி விற்போரையும் அவர் விட்டுவைக்கவில்லை. சாணை பிடிப்பவர், கூடை விற்பவர், விளக்கு மூடி விற்பவர், ரொட்டி சுமந்து செல்லும் பெண், கந்தல் பொறுக்குபவர், கைப்பெட்டி வாத்தியம் இசைப்பவர் ஆகிய பலர் அவருடைய படங்களில் வாழ்கின்றனர். பெரிய அங்காடிகள் பெருகியதால் நலிந்துகொண்டிருந்த தொழில்கள் அவை. நம் ஊர்களில் ஈயம் பூசுபவரும் சாணை பிடிப்பவரும் அரிதாகிவிட்டதை எண்ணுவோர்க்கு இதன் அருமை விளங்கும்.

தோல் பதனிடுவோரும் சாயம் தோய்ப்போரும் வாழ்ந்த பியேவ்ர் என்னும் சிற்றாறு பாரிஸின் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. துர்நாற்றம் தாங்காமல் அதைச் சிறிது சிறிதாக மூடி, 1912ஆம் ஆண்டு நகருக்குள் முழுவதும் மறைத்துவிட்டனர். நகரைச் சுற்றியிருந்த கோட்டை மதில் 1919 முதல் இடிக்கப்பட்டது. அதன் புறத்தே குடிசை கட்டி வாழ்ந்த கந்தல் வணிகர்களும் அகற்றப்பட்டனர். லே ஆல் என்னும் மத்திய அங்காடியின் இரும்புக் கொட்டகைகள் 1971 முதல் இடித்தகற்றப்பட்டன. இம்மூன்றையும் இன்று காண விரும்புவோர் அத்ஜேயின் படங்களில் காணலாம்.

படங்களை எடுத்ததோடு அவர் நின்றிருந்தால் பயன் பாதியே ஆகியிருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் இலக்கம் கீறி வைத்தார். படத்தின் பின்புறம் இடத்தின் பெயரை எழுதினார். பல படங்களில் தெருவின் பெயரோடு வீட்டு இலக்கமும் உண்டு. வாடிக்கையாளரின் பெயர், விலாசம், சந்திக்கத் தக்க நேரம் ஆகியவற்றுக்குத் தனியாக ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். நல்ல அலுவலகத்தில் கோப்பு பேணுவது போன்ற இவ்வொழுங்கினாலேயே, இந்த இலக்கத்தில் இந்தக் கடை இருந்தது என்று பிற்கால ஆராய்ச்சியாளர் உறுதியாகக் கூற முடிகிறது. ஒரே ஓர் இடத்தில் அவர் குறும்பு செய்தார். பாரிஸ் வீடுகளின் உட்புறங்களைக் காட்டும் 1910ஆம் ஆண்டுத் தொகுப்பில், தம் சொந்த வீட்டு அறைகளையே படமெடுத்து, வேறொரு தெருவில் வாழும் நடிகர் ஒருவரின் வீடு என்று எழுதிவிட்டார்! நெடுங்காலம் கழித்தே ஆராய்ச்சியாளர் அதைக் கண்டுபிடித்தனர்.

அவர் வாழ்க்கை எளிமையானது, பிடிவாதமும் நிறைந்தது. ஐம்பது வயதுக்குப்பின் பால், ரொட்டி, சர்க்கரை ஆகியவற்றையே உணவாகக் கொண்டார் என்பர். 1914ஆம் ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. வலென்டீனின் மகன் போரின் தொடக்கத்திலேயே களத்தில் மாண்டான். முதியவர் இருவரும் துயரில் ஆழ்ந்தனர். போர்க் காலத்தில் அத்ஜே படமெடுப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். குண்டு வீச்சுக்கு அஞ்சி, கண்ணாடித் தகடுகளை நிலவறையில் அடுக்கி வைத்தார்.

போர் ஓய்ந்தபின், தமக்குப் பின் இத்தகடுகளின் கதி என்னவாகும் என்ற கவலை அவரை வாட்டியது. அருமை அறியாதவர் கையில் அகப்பட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்று அஞ்சி, 1920ஆம் ஆண்டு அரசாங்கக் கலைத்துறைத் தலைவருக்கு எழுதினார். பழைய பாரிஸ் முழுவதும் தம்மிடம் இருப்பதாக அதில் பெருமிதத்துடன் தெரிவித்தார். அரசாங்கம் 2,621 தகடுகளைப் பத்தாயிரம் பிராங்குக்கு வாங்கிக்கொண்டது. கணக்கிட்டால் தகடு ஒன்றுக்கு நாலு பிராங்குகூட வரவில்லை. ஆயினும் அவர் மனம் ஆறுதல் அடைந்தது. மறுபடியும் காமிராவைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். 1925ஆம் ஆண்டு ஒரு துணிக்கடைக் கண்ணாடியை அவர் எடுத்த படத்தில், உள்ளே ஆடை அணிந்த பொம்மைகளும், கண்ணாடியில் பிரதிபலிக்கும் எதிர்ப்புறக் கட்டடமும் ஒன்றாகக் கலந்து காணப்படுகின்றன. ஒரே தகட்டில் தெருவின் இரு பக்கமும் பதிந்துவிட்டன.

அவர் குடியிருந்த அதே தெருவில் மான் ரே என்னும் புகழ் பெற்ற அமெரிக்கக் கலைஞரும் இருந்தார். அவர் அத்ஜேயின் படங்கள் சிலவற்றை 1926ஆம் ஆண்டு ஒரு பத்திரிகையில் வெளியிடச் செய்தபோது, தம் பெயரைப் போட வேண்டாம் என்று அத்ஜே கேட்டுக்கொண்டார். மான் ரேயிடம் வேலை செய்த பெரனிஸ் ஆபட் என்னும் இளம்பெண்தான் அக்கிழவரின் அருமையை முற்றும் உணர்ந்தவர். கையில் காசு இருந்தபோதெல்லாம் அவர் அத்ஜேயிடம் படம் வாங்கினார்.

1926ஆம் ஆண்டு வலென்டீன் காலமானார். துணையை இழந்த அத்ஜே தளர்ந்துபோனார். 1927ஆம் ஆண்டு ஆபட் அவரைத் தம் நிலையத்துக்கு அழைத்துப் படமெடுத்தார். ஒட்டுப் போட்ட பழைய உடையில் வருவார் என்று ஆபட் எதிர்பார்த்திருக்க, அவரோ நல்ல மேலங்கி அணிந்து வந்து அமர்ந்தார். படங்கள் தயாரானதும் காட்டுவதற்காக ஆபட் அவர் வீடு தேடிச் சென்றார். ஆனால் 1927 ஆகஸ்டு 4ஆம் நாள் அத்ஜேயின் உயிர் பிரிந்திருந்தது. பாரிஸ் முழுவதையும் படமெடுத்தவர், தம் படத்தைக் காணாமலே சென்றார்.

அவருடைய வீட்டில் எஞ்சியிருந்த தகடுகள் என்னவாயின? அவை நண்பராகிய கால்மெத் என்னும் நாடகக்காரரின் பொறுப்பில் இருந்தன. ஆபட் அவரைத் தேடிக் கண்டுபிடித்து, கடன் வாங்கியும் பிறர் உதவி பெற்றும், 1928ஆம் ஆண்டு ஆயிரத்துக்கு மேற்பட்ட தகடுகளையும் ஆயிரக்கணக்கான படங்களையும் விலைக்கு வாங்கினார். அவற்றை நியூயார்க்குக்குக் கொண்டு சென்று, நாற்பது ஆண்டுகள் காத்தார். 1930ஆம் ஆண்டு அத்ஜேயின் படங்கள் நூலாக வெளிவந்தன. 1968ஆம் ஆண்டு நியூயார்க் நவீனக் கலைக் காட்சிசாலை அத்தொகுதியை வாங்கிக்கொண்டது. அத்ஜேயைக் குருவாகக் கொண்ட ஆபட், மாறிவந்த நியூயார்க் நகரத்தின் கடைகளையும் கட்டடங்களையும் தாமும் படமெடுத்துப் புகழ் பெற்றார். ஓர் ஊரில் ஏற்றிய விளக்கிலிருந்து மற்றோர் ஊர் விளக்கு ஏற்றிக்கொண்டது.

1997, 1998ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் புகைப்படக்காரர் ஒருவர் அத்ஜேயின் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் நின்ற இடங்களிலேயே நின்று சுமார் ஐந்நூறு காட்சிகளை மீண்டும் படமெடுத்தார். எது நிலைத்தது, எது மறைந்தது என்பதை அவ்விரு படங்களையும் அருகருகே வைத்துக் கண்டறியலாம். அத்ஜே குறித்து வைத்த இடப்பெயர்கள் இன்றி இம்முயற்சி கைகூடியிராது.

பிழைப்பைத் தேடிச் சொந்த ஊரை விட்டு வந்து, காலனியில் கூடி வாழும் நமக்கும் இவ்வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. நம் மூத்தோர் முதன்முதல் குடியேறிய குவார்ட்டர்ஸ், அவர்கள் சாப்பிட்ட மெஸ், மாதக் கணக்கில் அரிசி கொடுத்த மளிகைக் கடை, பொங்கல் விழா நடந்த கொட்டகை ஆகியவை பலருடைய பெட்டிகளில் பழைய படங்களாக உறங்குகின்றன. அவற்றைத் திருப்பிப் பார்த்தால் பின்புறம் வெறுமையாக இருக்கும். இப்போதோ கைப்பேசியில் ஆயிரம் படங்கள் எடுக்கிறோம். எந்த இடம், எந்த ஆண்டு என்று ஒன்றிலும் குறிப்பு இல்லை. விவரம் சொல்லக்கூடிய பெரியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர். ஆகவே அன்பர்கள் யாவரும் இவ்வாண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வீட்டுப் பெரியவரை அருகில் அமர்த்திக்கொண்டு, பழைய படங்களை எடுத்து, ஒவ்வொன்றின் பின்னும் இடம், ஆண்டு, இருப்போர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி வைப்பார்களாக. இருபது கிலோ சுமையைத் தூக்கி ஒருவர் ஒரு மாநகருக்குச் செய்த தொண்டில், ஒரு சிறு பங்கை நாம் நம் காலனிக்குச் செய்தவர்கள் ஆவோம்.