ஓவியர் பணிக்கர்

தமிழ் மன்ற மலருக்குச் சான்றோர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தர வேண்டும் என்று மன்றச் செயலாளர் கேட்டார். பாரதியார், வ. உ. சி., மறைமலையடிகள் என்று பெயர்களையும் அவரே எடுத்துக் கொடுத்தார். நான் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவர் தமிழர்தாமா என்று கேட்டார்.

நேர்மையான கேள்விதான். ஆகையால் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணிக்கரின் தாய்மொழி மலையாளம். 1911ஆம் ஆண்டு அவர் பிறந்த ஊர் கோயம்புத்தூர். இளமையில் அவர் கண்ணில் நிறைந்திருந்தவை மலபாரின் தென்னந்தோப்புகளும் காயல்களும். ஆனால் ஓவியம் கற்றதும், கற்பித்ததும், குடியிருந்து மறைந்ததும் சென்னையில். நானோ கோலார் தங்கவயலில் பிறந்தவன். வீட்டில் பேசுவது தமிழ். மாநிலத்தின் மொழி கன்னடம். என் பாட்டனாரின் தந்தை வடாற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். பிறந்த மண் ஒன்று, பேசும் மொழி ஒன்று, பிழைப்பு வேறொன்று என்று வாழும் எங்களுக்குப் பணிக்கர் அயலாராகத் தோன்றுவதற்கு இடமே இல்லை.

அவரைத் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. என் தம்பி இவ்வாண்டு பி.யு.சி. முடிக்கிறான். பெங்களூரில் தனியார் நடத்தும் கலை, வடிவமைப்புக் கல்லூரி ஒன்றில் சேர வேண்டும் என்பது அவன் ஆசை. விண்ணப்பத்தோடு, தான் வரைந்தவற்றுள் நல்லவற்றைத் தேர்ந்து ஒரு தொகுப்பாக அனுப்ப வேண்டும், போர்ட்ஃபோலியோ என்கிறார்கள். பிறகு நுழைவுத் தேர்வு, நேர்காணல். கட்டணமோ லட்சக் கணக்கில். எங்கள் அப்பா 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டபோது வேலை இழந்தவர்களுள் ஒருவர். அதன்பின் பெங்களூரில் காவல் வேலை. விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறினால் இரவு எட்டு மணிக்குமேல்தான் வீடு திரும்புவார். தம்பியின் படங்களை அவர் குறைகூறவில்லை. சயனைடு மண்மேடுகளையும் துருப்பிடித்த சுரங்கக் கோபுரங்களையும் அவன் வரைந்திருப்பதை எடுத்து எடுத்துப் பார்க்கிறார். படித்து முடித்த மறுநாள் இவன் எதைக் கொண்டு உண்பான் என்று மட்டும் கேட்கிறார். தம்பியோ, உள்ளே இடம் கிடைத்துவிட்டால் மற்றவை தாமே நடக்கும் என்கிறான். இருவருக்கும் நடுவில் நான் இருக்கிறேன்.

உள்ளே போவது எப்படி, வெளியே வந்தபின் வாழ்வது எப்படி என்ற இந்த இரண்டு கேள்விகளோடும் வாழ்நாள் முழுதும் மல்லுக்கட்டியவர் பணிக்கர். முதற் கேள்வி அவருடைய சொந்தக் கேள்வி. இரண்டாவது அவருடைய மாணவர்களின் கேள்வி. அதையும் அவர் தம் தலைமேல் ஏற்றிக்கொண்டார்.

பன்னிரண்டு வயதிலேயே அவர் இயற்கைக் காட்சிகளை வரையத் தொடங்கிவிட்டார். இருபது வயது நிரம்புமுன் சென்னை நுண்கலைக் கழகத்தின் ஆண்டுக் கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றன. இத்தகைய பிள்ளை நேரே ஓவியப் பள்ளிக்குப் போயிருக்க வேண்டும் என்றுதான் நாம் நினைப்போம். நடந்தது அதுவன்று. தந்தையார் காலமானார். குடும்பத்தின் சுமை இளைஞர் தோளில் விழுந்தது. கல்லூரிப் படிப்பை நடுவில் நிறுத்திவிட்டுத் தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார்.

நண்பர்களே, இந்த இடத்தைப் பல வாழ்க்கைக் குறிப்புகள் ஒரே வரியில் தாண்டிப் போகின்றன. எனக்கு அப்படித் தாண்ட மனம் வரவில்லை. எங்கள் தங்கவயலில் இந்த ஒரு வரி வீட்டுக்கு வீடு உண்டு. தந்தை சுரங்கத்தில் மாண்டாலோ, நுரையீரல் நோயில் படுத்தாலோ, மூத்த மகன் புத்தகத்தை மூடிவிட்டு வேலைக்குப் போவான். அவர்களுள் பாடத் தெரிந்தவன் எத்தனை பேர், வரையத் தெரிந்தவன் எத்தனை பேர், யார் கணக்கெடுத்தார்? பணிக்கர் அந்த வரிசையில் நின்றவர். ஆனால் அங்கேயே நின்றுவிடவில்லை. வேலை பார்த்துக்கொண்டே வரைந்தார். நீர்வண்ணத்தில் அவர் தீட்டிய மலபார்க் காட்சிகள் கலை அறிந்தவர்களின் கண்ணில் பட்டன. 1936இல், தம் இருபத்தைந்தாம் வயதில், சென்னை அரசு ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார்.

அந்தப் பள்ளியின் கதையையும் இரண்டு சொல் சொல்ல வேண்டும். தனியார் கல்லூரியா, அரசுக் கல்லூரியா என்று இன்று நாம் வழக்காடுகிறோம். சென்னை ஓவியப் பள்ளியே 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தனியார் பள்ளியாகத் தொடங்கியதுதான். சில ஆண்டுகளில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. நெடுங்காலம் அங்கே உலோக வேலை, மர வேலை, நகை வேலை போன்ற கைத்தொழில்களே தலைமை பெற்றிருந்தன. 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமை ஏற்றார். அப்பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவரே. வங்காளத்துக்காரர், மல்யுத்தம் பயின்றவர், வேட்டையாடுபவர், குழல் ஊதுபவர். சென்னைக் கடற்கரையில், பாறையைப் பெயர்க்கும் நால்வரை வெண்கலத்தில் நிறுத்தினாரே, அந்த உழைப்பாளர் சிலையைச் செய்த பெருமகன். தங்கவயலிலிருந்து சென்னைக்குப் போகிறவர்கள் அந்தச் சிலையின் முன் சற்று அதிக நேரம் நிற்பார்கள். காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. அவர் வந்தபின் ஓவியமும் சிற்பமும் பள்ளியில் தலை நிமிர்ந்தன. அவருடைய மாணவராகத்தான் பணிக்கர் நான்கு ஆண்டுகள் பயின்று 1940இல் வெளியே வந்தார்.

காலம் கடந்து வந்தவரும் வெல்லலாம் என்பதற்குப் பணிக்கரை எடுத்துக்காட்டுவோர் உண்டு. என் தம்பியே ஒருநாள் அப்படித்தான் காட்டினான். நான் அதை முழுதும் ஒப்பவில்லை. பணிக்கர் விண்ணப்பித்தபோது அவர் கையில் பதின்மூன்று ஆண்டு உழைப்பு இருந்தது. இன்று சில ஊர்களில், முப்பது நாளில் போர்ட்ஃபோலியோ செய்து தருகிறோம் என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். முப்பது நாளில் மாட்டுக்கு லாடம் அடிக்கக் கற்கலாமோ என்னவோ! இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் சேர்ந்தது அரசுப் பள்ளி. லட்சம் கடன் வாங்கிக்கொண்டு அவர் உள்ளே நுழையவில்லை. ஆகவே அப்பாவின் கவலைக்குப் பணிக்கரின் இளமையில் விடை கிடையாது. அவருடைய முதுமையில் கிடைக்கிறது.

1941 முதல் படித்த பள்ளியிலேயே ஆசிரியரானார். 1944இல் இளம் ஓவியர்களைக் கூட்டி முற்போக்கு ஓவியர் சங்கம் கண்டார். சென்னையில் இசைக்குச் சபாக்கள் இருந்தன. நாடகத்துக்குக் கொட்டகைகள் இருந்தன. புதிய ஓவியத்துக்கு ஒரு சுவரும் இல்லை. அந்தச் சுவரைத் தேடியது சங்கம். 1961இல் ‘ஆர்ட்ரெண்ட்ஸ்’ என்ற இதழையும் தொடங்கியது. சிறிய இதழ்தான், ஆயினும் கலையைப் பற்றி நிதானமாக எழுதுவதற்கு அக்காலத்தில் சென்னையில் அதைப் போன்ற இடம் அரிது.

1954இல் லண்டனிலும் பாரிசிலும் அவர் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. மேனாட்டுப் புதுமைகளை நேரில் கண்டு திரும்பியவர், நம் மண்ணுக்கு உரிய புதுமை எது என்று தேடலானார். 1963இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசை அந்தத் தேடலின் கனி. எண்கள், கணக்குக் குறிகள், ஜாதகக் கட்டங்கள், எழுத்துப் போலத் தோன்றும் கோடுகள் ஆகியவை படம் முழுதும் பரவிக் கிடக்கும். ஒரு சிறுவனின் கணக்கு நோட்டு போல இருக்கும். மலையாள எழுத்தின் சாயலில் எழுதுவார். ஆனால் படித்துப் பொருள் காண முடியாதபடி எழுதுவார். பார்ப்பவர் பார்க்கவேண்டும், படிக்கக்கூடாது என்பது அவர் கருத்து. முதன்முதல் அவற்றின் அச்சுப் படத்தைக் கண்டபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாட்டியின் பெட்டியில் இருந்த பழைய ஜாதக ஓலை நினைவுக்கு வந்த பிறகே விளங்கியது. அந்த ஓலையை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. ஆனாலும் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்போம்.

1957இல் அவர் முதல்வரானார். இங்கேதான் அப்பாவின் கேள்வி வருகிறது. ஆண்டுதோறும் பட்டயம் பெற்று வெளியேறும் மாணவர்கள் எங்கே போகிறார்கள் என்று முதல்வர் பார்த்தார். சிலர் பள்ளிகளில் சித்திர ஆசிரியர் ஆனார்கள். சிலர் நெசவு நிலையங்களில் சேலைக்கு வடிவம் வரைந்தார்கள். பலர் தூரிகையையே மறந்துவிட்டார்கள். நான் கற்பித்துவிட்டேன், இனி உன் பாடு என்று சொல்லும் உரிமை ஆசிரியருக்கு உண்டு. அவர் அப்படிச் சொல்லவில்லை.

படம் விற்காத நாட்டில் படம் வரைபவன் வேறு எதையாவது விற்றுத்தான் வாழவேண்டும். அது அவனுடைய கைக்கும் கண்ணுக்கும் உகந்த பொருளாக இருந்தால் என்ன? மெழுகு பூசிச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணிகளை ஓவியர்கள் செய்யலானார்கள். உலோகத்திலும் தோலிலும் மண்ணிலும் கைவினைப் பொருள்கள் பிறந்தன. சங்கம் அமைத்துக் கண்காட்சி வைத்தார்கள். துணிகள் விற்றன. அந்தப் பணத்தைப் பிரித்துச் செலவழித்துவிடாமல் சேர்த்து, சென்னைக்குத் தெற்கே மாமல்லபுரம் போகும் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் தோன்றியது. சவுக்குத் தோப்பும் கடல் மணலுமாகக் கிடந்த இடம். கீற்றுக் கொட்டகைகளை எழுப்பிக் குடியேறினார்கள். பகலில் சில மணி நேரம் வயிற்றுக்காகக் கைவினை. மிச்ச நேரம் மனத்துக்காக ஓவியம். அடுத்த ஆண்டு பணிக்கர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார்.

இடையில் ஒரு வேடிக்கை. சோழமண்டலம் என்ற பெயர்தான் ஐரோப்பியர் நாவில் கோரமண்டல் ஆயிற்று என்பர். தங்கவயலில் அப்பாவின் ரயில் நிற்கும் நிலையங்களுள் ஒன்றின் பெயர் கோரமண்டல். இருபது ஆண்டுகளாக அந்தப் பெயரைக் கடந்து போய் வருகிறார். அதே பெயர்கொண்ட ஊரில் ஓவியர்கள் தம் கையால் சம்பாதித்து வாழ்ந்தார்கள் என்று நான் சொன்னபோது, எத்தனை பேர், எத்தனை ஆண்டு என்று கேட்டார். நாற்பது பேருக்குக் குறையாமல், ஐம்பது ஆண்டுக்குமேல் என்றேன். மேலே ஒன்றும் பேசவில்லை. ஆனால் அன்று படுக்கப் போகுமுன் தம்பியின் விண்ணப்பத்தை வாங்கி, கட்டணப் பக்கத்தை அல்ல, பாடத்திட்டப் பக்கத்தை நெடுநேரம் படித்தார்.

பணிக்கர் யாருக்குக் கதவு திறந்தார் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. மைசூரில் பிறந்த எஸ். ஜி. வாசுதேவ், நம் பக்கத்திலிருந்து ரயிலேறிச் சென்னை சென்று அவரிடம் கற்றவர். சோழமண்டலத்தில் பல்லாண்டுகள் வாழ்ந்தவர். கே. ராமானுஜம் என்றொருவர். பேச்சு தடுமாறும், பள்ளிப் படிப்பு ஏறவில்லை, உறவும் ஊரும் எள்ளின. எந்த நுழைவுத் தேர்விலும் எந்த நேர்காணலிலும் தேறியிருக்கமாட்டார். அவருக்குக் கல்லூரியில் இடமும், பின்னர் சோழமண்டலத்தில் குடிலும் கிடைத்தன. அவர் தீட்டிய கனவு நகரங்களை, மாளிகைகளை, தொப்பியணிந்து அவற்றினூடே உலவும் தம் உருவத்தை இன்று அருங்காட்சியகங்கள் போற்றுகின்றன. 1973இல், முப்பது வயது தாண்டிய சில ஆண்டுகளில், ராமானுஜம் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இடம் கொடுத்தவரால் எல்லாவற்றையும் கொடுக்க முடியவில்லை. தம்பியிடம் இந்தப் பகுதியையும் நான் மறைக்கவில்லை.

பணிக்கரின் மகன் நந்தகோபால் முதலில் இயற்பியலில் பட்டம் பெற்று, அதன் பின்பே கலைக் கல்லூரிக்குப் போனார். உலோகச் சிற்பத்தில் பெயர் பெற்று, சோழமண்டலத்திலேயே வாழ்ந்து, 2017இல் மறைந்தார். முதலில் ஒரு பட்டம், பிறகு ஓவியம் என்ற வழியும் இருக்கிறது என்று அப்பா இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். தம்பி முகம் சுளிக்கிறான். விண்ணப்பத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் சென்னை அரசுக் கல்லூரிக்கும், பெங்களூர்ச் சித்திரகலா பரிஷத்தின் கல்லூரிக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.

பணிக்கர் 1977 ஜனவரியில் சென்னையில் காலமானார். வயது அறுபத்தைந்து. திருவனந்தபுரத்தில் அவர் ஓவியங்களுக்கென்றே ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. அவ்வளவு தொலைவு போக இயலாதவர்கள் ஈஞ்சம்பாக்கம் போகலாம். சோழமண்டலத்தின் காட்சியகத்திலும் அவர் படங்களைக் காணலாம். நம் ஊர்க்காரர்கள் பங்காருப்பேட்டையில் சென்னை வண்டி பிடிக்க வேண்டும்.