அறங்காத்த நீதிபதி மணி ஐயர்

சிவபுண்ணியங்களுள் திருக்கோயில் எடுத்தல் பெரிது. எடுத்த கோயிலைப் புதுக்கிக் குடமுழுக்காட்டுதல் அதனினும் பெரிது. அக்கோயிலுக்கென விட்ட நிலமும் பொன்னும் விளக்கும் வழுவாது நடைபெறக் காத்தலோ இவ்விரண்டினும் அரிது. கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூர் மாவட்டத்துத் திருமழபாடியில் எழுந்தருளியுள்ள வைத்தியநாதப் பெருமான் திருக்கோயில் இதற்குச் சான்றாகும். முதலாம் இராசராச சோழன் தனது 28-ஆம் ஆட்சியாண்டில் அவ்விமானத்தைப் பிரித்துப் புதுக்க ஆணையிட்டபோது, சுவரிலிருந்த பழைய சாசனங்களை முதற்கண் புத்தகத்திற் படியெடுத்து வைக்கச் செய்தான். திருப்பணி நிறைவேறியபின், அவன் மைந்தன் இராசேந்திரன் காலத்தில் அவை மீண்டும் கல்லில் வெட்டப்பெற்றன. கல் புதிதாயினும் அறம் பழையதாகவே நிற்றல் வேண்டும் என்பது சோழர் கொள்கை. அறங்கொடுத்தோரும், பிற்காலத்து அதனைக் காக்கப்போகும் முன்பின் அறியாதவர் திருவடியைத் தம் தலைமேற் கொள்வதாகப் பொறித்து வைத்தனர்.

மன்னர் மறைந்தபின் அக்காவற் கடமை கைமாறிக் கைமாறித் தளர்ந்தது. 1817-ஆம் ஆண்டின் 7-ஆம் ரெகுலேஷன் வாயிலாகக் கும்பினியார் கோயிற் சொத்துக்களை ரெவினியூ போர்டின் மேற்பார்வையில் வைத்தனர். பின்னர்ப் பாதிரிமார் முதலியோர் எதிர்ப்பினால் அப்பொறுப்பினின்று விலகினர். 1863-ஆம் ஆண்டின் 20-ஆம் சட்டம் கோயில்களைக் கமிட்டிகளிடம் ஒப்படைத்தது. கமிட்டி உறுப்பினர் ஆயுட்காலம் பதவி வகித்தனர். தவறு கண்ட அன்பர் நீதிமன்றப் படியேறி வழக்கிடுதலே பெரும்பாலும் எஞ்சிய வழியாயிற்று. அந்நாளில் திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்திருந்த பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிக் கோயில்களுக்கும் சட்டம் இதுவே. ஆதலின், சட்டமும் தருமமும் ஒருங்குணர்ந்தார் ஒருவர் நீதிமன்றத்தில் அமர்தல் கோயில்களுக்கு இன்றியமையாததாயிற்று. அவ்வாறு அமர்ந்தவருள் ஒருவர், மணி ஐயர் என்று மக்கள் அன்போடு வழங்கிய சர் எஸ். சுப்பிரமணிய ஐயர் ஆவார்.

அவர் 1842-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாள் மதுரையில் தோன்றினார். தந்தையார் இராமநாதபுரம் ஜமீனின் வக்கீலாய் அந்நகரில் இருந்தவர். மைந்தர்க்கு இரண்டு வயது நிரம்புமுன்னரே அவர் காலமாயினார். தந்தையை இழந்த பிள்ளை, அங்கயற்கண்ணி ஆலயத்தைச் சூழ்ந்து வாழும் அந்நகரிலேயே கல்வி பயின்று, குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்பையும் விடாது தொடர்ந்தார். 1868-இல் பி.எல். பட்டம் பெற்று, மறு ஆண்டு வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் மதுரையிலேயே தொழில் நடத்திப் பெரும்புகழ் எய்தி, பின்னர்ச் சென்னைக்குக் குடியேறினார்.

1884-இல் சென்னைச் சட்டசபையில் உத்தியோகச் சார்பற்ற உறுப்பினராக அரசாங்கம் அவரை நியமித்தது. அந்நாளைய சட்டசபை குடிகள் தேர்ந்தெடுத்த சபை அன்று. கேள்வி கேட்கும் உரிமைதானும் உறுப்பினர்க்கு இல்லை. அச்சபையின் குறையை அதனுள் அமர்ந்தே உணர்ந்தமையால், 1885-ஆம் ஆண்டு டிசம்பரில் பம்பாயிற் கூடிய முதற் காங்கிரசுக்குச் சென்று, சட்டசபைகளை விரிவாக்கித் தேர்தல் முறையைப் புகுத்தவேண்டும் என்னும் தீர்மானத்தை ஆதரித்துப் பேசினார். 1888-இல் அரசாங்க வக்கீல் பதவி அவரை அடைந்தது. அப்பதவியை முதன்முதல் ஏற்ற இந்தியர் அவரே.

1895-இல் சர் தி. முத்துசாமி ஐயர் காலமானபின், சென்னை ஹைகோர்ட்டில் அவர் இருந்த இடத்தில் சுப்பிரமணிய ஐயர் நீதிபதியாயினார். 1899, 1903, 1906 ஆகிய ஆண்டுகளில் தலைமை நீதிபதியின் பொறுப்பையும் தற்காலிகமாக வகித்தார். 1904-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராயமர்ந்த முதல் இந்தியரும் அவரே.

அவ்வாண்டு வெளிவந்த ஒரு தீர்ப்பு சமய உலகம் மறத்தற்கரியது. வித்யாபூர்ண தீர்த்த சுவாமி, வித்யாநிதி தீர்த்த சுவாமி என்னும் மாத்வத் துறவியர் இருவரிடை எழுந்த வழக்கு அது. மடாதிபதி என்பவர் மடத்துச் சொத்துக்கு வெறும் டிரஸ்டிதானா, உரிமையுடையவரா என்பது வினா. சுப்பிரமணிய ஐயரும் சர் வி. பாஷ்யம் ஐயங்காரும் அதனை ஆராய்ந்து, மடாதிபதி வெறும் டிரஸ்டி அல்லர். நிலையான சொத்தில் அவர்க்கு வாழ்நாளளவும் உரிமை உண்டு. ஆயினும் அது பீடத்தைப் பற்றிய உரிமை, அடுத்து அப்பீடத்தில் அமர்வார்க்கே செல்லும் என்று தெளிந்தனர்.

இத்தீர்ப்பு மடாதிபதிக்கு உரிய மதிப்பை அளித்தது. எனினும் வாழ்நாள் உரிமை என்னும் சொல் தகுதியற்றவர் கையிற் கேடாய் முடியுமோ என்னும் ஐயத்திற்கும் இடமிருந்தது. 1921-இல் இலண்டன் பிரிவி கவுன்சில், டிரஸ்ட் என்னும் ஆங்கிலக் கருத்து நம் கோயில் மடங்களுக்கு அப்படியே பொருந்தாதென்றும், ஆயினும் முறைதவறி நடத்துவோர் அதற்குப் பொறுப்பாளியே என்றும் உரைத்தது. 1954-இல் சீரூர் மட வழக்கில் உச்சநீதிமன்றம், மடாதிபதியின் நிலையில் கடமையும் உரிமையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்று காட்டியது. உரிமை பேசுவோர் கடமையையும், கடமை பேசுவோர் உரிமையையும் மறத்தலாகாது என்பதே இவற்றால் விளங்குவது.

கண்ணொளி குறைந்தமையால் 1907-இல் அவர் நீதிபதிப் பதவியினின்று விலகினார். பலர் அத்துடன் ஓய்ந்திருப்பர். அவரோ தர்ம ரக்ஷண சபையைத் தோற்றுவித்தோருள் முதல்வராய் நின்று, கோயில் அறநிலையங்கள் சீர்கெடாது நடக்க உழைத்தார். தீர்ப்பிலே பீடத்தின் உரிமையைக் காத்தவர், ஓய்விலே அன்பர்தம் உரிமையைக் காக்க முற்பட்டார். பிரமஞான சபையின் துணைத்தலைவராகவும் சில ஆண்டுகள் விளங்கினார். 1908-இல் சென்னைப் பல்கலைக்கழகம் எல்எல்.டி. என்னும் டாக்டர் பட்டம் வழங்கிப் போற்றியது.

முதுமையில் அவர்க்கு ஒரு பெருஞ்சோதனை வந்தது. 1916-இல் அன்னி பெசன்ட் அம்மையார் தொடங்கிய ஹோம்ரூல் லீகின் கௌரவத் தலைவராய் இருந்தார். மறு ஆண்டு ஜூன் மாதம் அம்மையார் காவலில் வைக்கப்பெற்றபோது, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சனுக்கு இந்தியாவின் குறைகளை விரித்து, சுயாட்சி வேண்டிக் கடிதம் விடுத்தார். 1918-இல் அக்கடிதம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்திற் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. இந்தியா மந்திரி மாண்டேகுவும் வைசிராய் செம்ஸ்போர்டும் அவரைக் கடிந்தனர். எழுபத்தைந்து வயது கடந்த அப்பெரியார் மன்னிப்புக் கோரவில்லை. திவான் பகதூர் பட்டத்தையும், 1900-இல் பெற்ற கே.சி.ஐ.இ. என்னும் உயர்விருதையும் துறந்தார். சர் என்னும் அடைமொழியும் உடன் நீங்கியது. அதன்பின் மக்கள் அவரை டாக்டர் மணி ஐயர் என்றே வழங்கினர். சீர்வரிசை தந்தவர் அதற்கு விலையாக மனச்சான்றைக் கேட்பாராயின், தந்ததைத் திருப்பிக் கொடுத்தலே முறை என அவர் கொண்டார் போலும்.

1924-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். சென்னைக் கடற்கரையில் பல்கலைக்கழகச் செனட் இல்லத்தருகே அவருடைய சிலை நிற்கின்றது. அவர் மறைவை அடுத்து இந்துசமய அறநிலையச் சட்டம் நடைமுறைக்கு வந்து, 1927-இலும் 1951-இலும் புதியனவாய் இயற்றப்பெற்று, 1959-ஆம் ஆண்டின் 22-ஆம் சட்டமாய் இன்று நிலவுகின்றது.

சட்டம் பலவாயினும் அறத்தைக் காக்கும் கடன் மக்களுடையதே. சிவன் சொத்து குலநாசம் என்னும் நாட்டு வழக்குக் கவர்வாரை அச்சுறுத்தும். அதனைக் காக்கும் ஊக்கம் அன்பர்க்கு வேறாக வேண்டும். குடமுழுக்குக்குப் பொருள் உதவிய செல்வர்கள், தாம் விட்ட கட்டளைகளைத் தெளிவாய் எழுதிவைத்து, படியெடுத்துப் பாதுகாத்து, ஆண்டுதோறும் கணக்கை அன்பர் காண வைப்பாராயின், அவ்வறம் பேரப்பிள்ளைகள் காலத்தும் நிலைக்கும். விளக்கு ஏற்றுவோரையும், அணையாது காப்போரையும் ஒருங்கே ஈன்று தருமாறு எல்லாம் வல்ல சிவபெருமான் திருவருள் புரிக.