ஓவிய மேதை கிளாட் மோனே

உலகம் போற்றும் ஓவியர்களுள் ஒருவர் கிளாட் மோனே. இவர் 1840ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14ஆம் நாள் பிரான்சு நாட்டின் தலைநகராகிய பாரிஸில் பிறந்தார். லே ஆவ்ர் என்னும் துறைமுக நகரில் வளர்ந்தார். இளமையிலேயே ஊராரின் உருவங்களை வேடிக்கைச் சித்திரங்களாக வரைந்து விற்றார். பூதேன் என்னும் ஓவியர் இவரைத் திறந்தவெளிக்கு அழைத்துச் சென்று, வானையும் கடலையும் நேரில் கண்டு தீட்டும் முறையைக் கற்பித்தார்.

1874ஆம் ஆண்டு மோனேயும் நண்பர்களும் பாரிஸில் ஓவியக் கண்காட்சி ஒன்றை நடத்தினர். அதில் இடம்பெற்ற மோனேயின் சூரிய உதய ஓவியத்தை, முற்றுப்பெறாத படம் என்று எள்ளி நகையாடினர். வறுமையும் அவரை வாட்டியது. 1879இல் மனைவி கமீல், இரு சிறு புதல்வர்களை விட்டு மறைந்தார். ஆயினும் மோனே தூரிகையைக் கீழே வைத்தாரில்லை.

1883ஆம் ஆண்டு ஜிவெர்னி என்னும் சிற்றூரில் குடியேறினார். அவர்தம் ஓவியங்களுக்கு மதிப்புப் பெருகியது. 1892இல் ஆலிஸ் என்னும் அம்மையாரை மணந்தார். தம் இல்லத்தருகே குளம் அமைத்து அல்லிக்கொடிகளை வளர்த்தார். அக்குளமே அவருடைய ஓவியங்களுக்குக் கருப்பொருளாயிற்று.

இன்பம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1911இல் ஆலிஸ் காலமானார். மறு ஆண்டே மோனேயின் கண்களில் புரை படர்ந்திருப்பதை மருத்துவர்கள் கண்டறிந்தனர். 1914இல் மூத்த மகன் ழானும் மறைந்தார். துயரில் மூழ்கிய மோனே ஏறத்தாழ மூன்றாண்டுக் காலம் ஓவியப் பணியைப் பெரும்பாலும் கைவிட்டிருந்தார். இனி இம்முதியவர் வரைவாரா என்று பலரும் ஐயுற்றிருக்கக்கூடும்.

ழானின் கைம்பெண்ணாகிய பிளாஞ்ச் அவரை அன்புடன் பேணினார். பிரதமர் பதவி வகித்த நண்பர் கிளெமான்சோ அவருக்கு ஊக்கமூட்டினார். 1914ஆம் ஆண்டிலேயே, 73ஆம் வயதில், மோனே மீண்டும் தூரிகையை ஏந்தினார். அல்லிக்குளத்தை இரண்டு மீட்டர் உயரமுள்ள பெரும் ஓவியங்களாகத் தீட்டத் துணிந்தார். அவற்றை வைத்து வரைவதற்கென்றே பெரிய கூடம் ஒன்றைக் கட்டினார். அப்போது முதல் உலகப் போர் மூண்டிருந்தது; இளைய மகன் மிஷேல் படையில் பணிபுரிந்தார். மோனே ஊரிலேயே தங்கி வரைந்தார்.

1918 நவம்பர் 11இல் போர் ஓய்ந்தது. மறுநாளே, வெற்றியின் நினைவாகத் தம் ஓவியங்களை நாட்டுக்கு அளிக்க முன்வந்தார். கண்ணொளி குன்றி, நிறங்களைப் பகுத்தறிய இயலாதபோது, வண்ணக் குழாய்களின் மீதிருந்த பெயர்களைத் துணையாகக் கொண்டார். 1923இல் வலக் கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு பணியைத் தொடர்ந்தார். மனநிறைவு பெறாமையால், முடிந்த ஓவியங்களையும் மீண்டும் மீண்டும் திருத்தினார். இறுதிவரை அவற்றைக் கையளிக்கவில்லை.

1926 டிசம்பர் 5ஆம் நாள் தம் 86ஆம் வயதில் மோனே இயற்கை எய்தினார். அடுத்த ஆண்டு பாரிஸின் ஒராஞ்சரி அருங்காட்சியகத்தில் அவ்வோவியங்கள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. முட்டை வடிவான இரண்டு கூடங்களின் சுவர்களில் அவை இன்றும் காட்சி தருகின்றன.

மாணவச் செல்வங்களே! துயரத்தால் ஒரு பணி தடைப்படுவது இயல்பே. அதனை மீண்டும் தொடங்குவதே பெருமை. மோனே தம் துயர் முற்றும் தீரும்வரை காத்திருக்கவில்லை. கண் தெளியட்டும் என்றும் காத்திருக்கவில்லை. விட்ட பணியைத் தொட்டார். உலகம் போற்றும் செல்வத்தை விட்டுச் சென்றார்.