மாமல்லனின் மரக்கலங்கள்

இரண்டாம் உலகப் போரின் விமானந்தாங்கிக் கப்பலை, வரைபடம் பார்த்து அணுவும் பிசகாமல் சிறு உருவாகச் செய்துவிடலாம். காஞ்சி மாமன்னனின் போர்க் கப்பலை அப்படிச் செய்ய முடியாது!

630 முதல் 668 வரை காஞ்சியில் அரசாண்ட முதலாம் நரசிம்மவர்மன் மற்போரில் வல்லவன், ஆகவே மாமல்லன். 642-ல் சாளுக்கியர் தலைநகரான வாதாபியை வென்றான். சாளுக்கியப் போரில் அவனுக்குத் துணைநின்றவன் இலங்கை இளவரசன் மானவர்மன். அந்த நன்றிக்காக மாமல்லன் இலங்கைக்குக் கப்பல்களில் படை அனுப்பினான். முதல் முயற்சி பலிக்கவில்லை. மன்னன் கைவிடவில்லை, மீண்டும் அனுப்பினான். மானவர்மன் முடிசூடினான்.

அந்தக் கப்பல்களில் ஒரு பலகைகூட மிஞ்சவில்லை. ஆனால், அவன் பெயர் தாங்கிய மாமல்லபுரத்தில் பாறையில் செதுக்கிய ஐந்து ரதங்கள் நிற்கின்றன. அக்காலத்துக் கூரை வீட்டின் சாயலைத் திரௌபதி ரதம் இன்றும் காட்டுகிறது. அந்தச் சிற்பிகளின் உளி ஒரு கப்பலையும் செதுக்கி வைத்திருந்தால்!