கால்பந்து வாத்தியார் ரஹீம்



பள்ளிகளில் குறுவட்ட விளையாட்டுப் போட்டிகள் தொடங்கிவிட்டால் உங்களுக்கு இருப்புக் கொள்ளாது, இல்லையா? எந்தப் பள்ளி அணி பலமானது, இந்த ஆண்டு கோப்பை யாருக்கு என்று வகுப்பறையில் ஒரே சண்டையாக இருக்கும். குன்னம் பிள்ளைகள் தங்கள் அணிதான் என்பார்கள். வேப்பந்தட்டைப் பிள்ளைகள் விடமாட்டார்கள். செந்துறையும் ஜெயங்கொண்டமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். கடைசியில் பெரம்பலூர் மாவட்டம் பலமானதா, அரியலூர் மாவட்டம் பலமானதா என்பதில் வந்து நிற்கும். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அரியலூர் மறுபடியும் தனி மாவட்டம் ஆனது 2007-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில்தான். அதற்கு முன்பு இரண்டும் ஒரே மாவட்டமாக இருந்தன.

உங்கள் அண்ணன்மார் கல்லூரிக்குப் போன பிறகும் இந்தச் சண்டை ஓய்வதில்லை. இரு மாவட்டங்களிலும் உள்ள கலை, அறிவியல் கல்லூரிகள் திருச்சியில் இருக்கும் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. கல்லூரிகளுக்கு இடையே கால்பந்துப் போட்டி நடத்துவார்கள். நன்றாக ஆடுகிறவர்களைப் பொறுக்கி எடுத்துப் பல்கலைக்கழக அணி அமைப்பார்கள். அப்போது பெரம்பலூர்ப் பையனும் அரியலூர்ப் பையனும் ஒரே சட்டை போட்டுக்கொண்டு ஆடவேண்டி வரும்! அந்த அணி தென் மண்டலப் போட்டிக்குப் போகும். நாட்டைத் தெற்கு, வடக்கு, கிழக்கு, மேற்கு என்று நான்கு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு மண்டலத்திலும் முன்னால் வரும் அணிகள் அகில இந்தியப் போட்டியில் மோதும். வெற்றி பெறும் அணிக்கு சர் அசுதோஷ் முகர்ஜி கோப்பை. கேரளத்தின் கோழிக்கோடு பல்கலைக்கழகம் இந்தக் கோப்பையைப் பல முறை வென்றிருக்கிறது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே கால்பந்து என்றால் முட்டை போன்ற பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற வேறு ஓர் ஆட்டம். கல்லூரி அணிகள் பல குழுக்களாகப் பிரிந்து ஆடும். எந்தக் குழு பலமான குழு என்று பெரியவர்கள்கூட ஆண்டு முழுவதும் வாதம் செய்துகொண்டிருப்பார்கள்.

நம் நாட்டிலும் ஒரு காலத்தில் இப்படி ஒரு பெரிய வாதம் நடந்தது. கால்பந்தில் கல்கத்தா பலமா, ஐதராபாத் பலமா என்ற வாதம். அந்த வாதத்துக்கு மைதானத்தில் பதில் சொன்னவர் ஒரு பள்ளி ஆசிரியர். அவர் பெயர் சையத் அப்துல் ரஹீம். எல்லோரும் அவரை ரஹீம் சாகிப் என்று மரியாதையோடு அழைத்தார்கள். அவருடைய கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

ரஹீம் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் தேதி ஐதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தார். படிக்கிற காலத்திலேயே கால்பந்து மீது அவருக்குக் கொள்ளை ஆசை. பல்கலைக்கழக மாணவர்களோடு சேர்ந்து ஆடினார். பட்டம் பெற்ற பிறகு ஆசிரியர் வேலைக்கு வந்தார். காச்சிகுடா நடுநிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி முதலிய பள்ளிகளில் பாடம் நடத்தினார். பிறகு உடற்கல்வியில் பட்டயப் படிப்பும் முடித்து, பள்ளியின் விளையாட்டுப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

அந்தக் காலத்தில் இந்தியக் கால்பந்து என்றாலே கல்கத்தாதான். 1911-ஆம் ஆண்டு மோகன் பகான் அணி, ஆங்கிலேயரின் கிழக்கு யார்க்‌ஷயர் படை அணியை 2-1 என்ற கோல் கணக்கில் வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. மோகன் பகான் வீரர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் வெறுங்காலோடு ஆடியவர்கள்! அந்த வெற்றியை நாடே கொண்டாடியது. அதன் பிறகு, நல்ல கால்பந்து வங்காளத்தில்தான் உண்டு என்ற எண்ணம் எல்லோருக்கும் வந்துவிட்டது. மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் கோப்பைப் போட்டி 1941-இல் தொடங்கியது. முதல் கோப்பையும் வங்காளத்துக்கே போயிற்று.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் ரஹீம் ஐதராபாத் நகரக் காவல்துறை அணிக்குப் பயிற்சியாளரானார். 1950-ஆம் ஆண்டு டூரண்ட் கோப்பை இறுதி ஆட்டத்தில் அந்த அணி எதிர்கொண்டது யாரைத் தெரியுமா? அதே மோகன் பகானைத்தான். ஐதராபாத் போலீஸ் அணியே வென்றது! அதே ஆண்டு பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பையையும் வென்றது. 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பை அவர்களுக்கே. பிறகு 1956-57, 1957-58 ஆகிய இரண்டு ஆண்டுகளும் சந்தோஷ் கோப்பையும் ஐதராபாத்துக்கு வந்தது. கல்கத்தா மட்டும்தான் என்ற பேச்சு அதோடு அடங்கியது.

இதை அவர் எப்படிச் சாதித்தார்? பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. வகுப்பில் பாடம் நடத்துவது போலவே மைதானத்திலும் பாடம் நடத்தினார்.

உங்களில் பலருக்கு வலது காலால் உதைத்தால்தான் பந்து நேராகப் போகும். இடது காலில் பந்து வந்தால் தடுமாறுவீர்கள். எதிரணிக்காரன் இதைக் கவனித்துவிட்டால் போதும், வலது பக்கத்தை மறித்துக்கொண்டு நிற்பான். நீங்கள் திண்டாடிப் போவீர்கள். இதற்காக ரஹீம் ஒரு வேலை செய்தார். எந்தக் கால் பழகாத காலோ, அந்தக் காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்று விதி வைத்து, அதற்கென்று தனிப் போட்டியே நடத்தினார்! வேறொரு போட்டியில், பந்தைத் தனியாக உருட்டிக்கொண்டு ஓடக்கூடாது என்று விதி. வந்த பந்தை உடனே பக்கத்து வீரருக்குக் கொடுத்துவிட வேண்டும். தான் மட்டும் பேர் வாங்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அந்தப் போட்டியில் ஒன்றும் செய்ய முடியாது. இப்படித்தான் கூட்டாக ஆடும் பழக்கத்தை அவர் ஊட்டினார்.

ரஹீமின் திறமையைப் பார்த்து இந்திய அணியின் பயிற்சியாளர் பொறுப்பையும் அவரிடம் கொடுத்தார்கள். 1951-இல் புதுடில்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் இந்தியா ஈரானை 1-0 என்று வென்று தங்கம் பெற்றது. ஆசியாவிலேயே நாம்தான் பலமானவர்கள் என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

மறு ஆண்டே ஓர் அடி விழுந்தது. 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா நம்மை 10-1 என்று தோற்கடித்தது. ஆமாம், பத்து கோல்! குளிர் நாடு, ஈரமான மைதானம். நம் வீரர்கள் பலர் பூட்ஸ் போடாமல் வெறுங்காலோடு ஆடினார்கள். ஐரோப்பிய அணிகள் ஆடும் முறையும் நமக்குப் பழக்கமில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள், குழந்தைகளே. நம் தெருவில் நாம் முதலாவதாக இருக்கலாம். அடுத்த ஊர்க்காரர்களோடு ஆடிப் பார்த்தால்தான் நம் உண்மையான பலம் தெரியும். தோற்ற பிறகு மைதானத்தையும் நடுவரையும் குறை சொல்லிக்கொண்டு இருப்பது எளிது. ரஹீம் அப்படிச் செய்யவில்லை. ஐரோப்பியர்கள், முக்கியமாக அன்று உலகமே வியந்த ஹங்கேரி அணியினர், எப்படி ஆடுகிறார்கள் என்பதை ஊன்றிக் கவனித்தார். முன்களத்தின் நடுவில் நிற்கும் வீரரைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, அங்கிருந்து பந்தைப் பிரித்துக் கொடுக்க வைக்கும் உத்தியை நம் வீரர்களுக்கும் கற்றுக் கொடுத்தார். பூட்ஸ் போட்டு ஆடுவதும் கட்டாயமாயிற்று.

நான்கு ஆண்டுகளில் பலன் கிடைத்தது. 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா, போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவையே 4-2 என்று வீழ்த்தியது. நெவில் டிசோசா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் அவரே. அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடும் இந்தியாதான். அதன் பிறகு யூகோஸ்லாவியாவிடமும் பல்கேரியாவிடமும் தோற்று நான்காம் இடம் பெற்றோம். யூகோஸ்லாவியாவிடம் இந்த முறை தோற்றது 4-1 என்ற கணக்கில். பத்து கோல் எங்கே, நான்கு கோல் எங்கே!

ரஹீம் திறமையான பிள்ளைகளைத் தேடிப் பிடிப்பதில் கெட்டிக்காரர். செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடா என்ற இடத்தில் துளசிதாஸ் பலராம் என்ற ஏழைப் பையன் நன்றாகப் பந்து ஆடினான். ரஹீம் அவனைப் பயிற்சிக்கு அழைத்தார். தினமும் நகரத்துக்கு வந்து போக அவனிடம் பணம் இல்லை. வாடகை சைக்கிளில் வருவதற்கு ரஹீமே பணம் கொடுத்தார். அந்தப் பையன்தான் பிறகு மெல்போர்னுக்குப் போனான். 1960 ரோம் ஒலிம்பிக்கில், பலம் வாய்ந்த ஹங்கேரிக்கு எதிராகக் கோல் போட்டான்.

இனி, ரஹீமின் கடைசிப் போட்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

1962-ஆம் ஆண்டு. ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. ரஹீமுக்கு அப்போது உடல்நிலை சரியில்லை. புற்றுநோய் அவரைத் தின்றுகொண்டிருந்தது. ஆனாலும் அணியோடு புறப்பட்டுப் போனார். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றோம். ஆனால் அந்த ஆட்டத்தில் பின்கள வீரர் ஜர்னைல் சிங்கின் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. பிறகு ஜப்பானை 2-0 என்று வென்று அரையிறுதிக்குப் போனோம்.

தலையில் கட்டோடு இருப்பவரைப் பின்களத்தில் நிறுத்தினால், பந்தைத் தலையால் தடுக்கும்போதெல்லாம் ஆபத்து. அவரை வெளியே உட்கார வைக்கவும் மனமில்லை. ரஹீம் யோசித்தார். ஜர்னைல் சிங்கை முன்களத்துக்கு மாற்றிவிட்டார்! எல்லோருக்கும் ஆச்சரியம். ஜர்னைல் அரையிறுதியில் கோல் போட்டார். தென் வியட்நாமை 3-2 என்று வென்று இறுதி ஆட்டத்துக்கு வந்தோம்.

எதிரே மறுபடியும் தென்கொரியா. போட்டியில் இஸ்ரேலையும் தைவானையும் சேர்க்காத விவகாரத்தில் இந்திய அதிகாரி ஒருவர் சொன்ன கருத்தால், உள்ளூர் மக்கள் நம் மீது கடும் கோபத்தில் இருந்தார்கள். செப்டம்பர் 4-ஆம் தேதி, அரங்கம் நிறைந்த கூட்டம் முழுவதும் இந்திய அணிக்கு எதிராகக் கத்தியது. கோல் கீப்பர் பீட்டர் தங்கராஜுக்குக் காய்ச்சல். இவர் நம் நீலகிரி மாவட்டத்தின் வெலிங்டனில் உள்ள மதராஸ் படைப்பிரிவில் இருந்து வளர்ந்தவர். காய்ச்சலோடு கோல் கம்பத்தின் முன்னால் நின்றார். பி.கே.பானர்ஜி முதல் கோல் போட்டார். சில நிமிடங்களில் ஜர்னைல் சிங் இரண்டாவது கோல் போட்டார். கடைசி நேரத்தில் தென்கொரியா ஒரு கோல் திருப்பியது. ஆட்டம் முடிந்தது. 2-1. தங்கம் நமக்கு!

அந்த அணியில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். கேப்டன் சுனி கோஸ்வாமி வங்காளம். ஜர்னைல் சிங் பஞ்சாப். சந்திரசேகரன் கேரளம். யூசுப் கானும் பலராமும் ஐதராபாத். கல்கத்தாவா, ஐதராபாத்தா என்று வாதாடிய மைதானங்களில் எதிரும் புதிருமாக மோதியவர்கள், ஜகார்த்தாவில் ஒருவருக்கொருவர் பந்தைக் கொடுத்து ஆடினார்கள். தனித்தனியே மோதியதால்தான் அவர்கள் பலமானார்கள். ஒன்றாகச் சேர்ந்ததால்தான் தங்கம் வந்தது.

ரஹீம் அதற்குப் பிறகு ஓர் ஆண்டுகூட உயிரோடு இருக்கவில்லை. 1963-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் தேதி மறைந்தார். அவருக்கு இருந்த புகைப்பழக்கம் அவருடைய நுரையீரலைக் கெடுத்துவிட்டது. இவ்வளவு பெரிய மனிதரிடம் இருந்து நாம் கற்கக் கூடாத ஒன்று இதுதான். ஆசியப் போட்டியில் அதன் பிறகு இந்தியா கால்பந்தில் தங்கம் வென்றதே இல்லை. 1970-இல் வெண்கலம் கிடைத்தது. அதோடு சரி. 1960-க்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்தில் ஆடும் வாய்ப்பும் நமக்குக் கிடைக்கவில்லை. வெகுகாலம் மறந்திருந்த ரஹீமை 2024-இல் வந்த ‘மைதான்’ என்ற இந்திப் படம் மீண்டும் நினைவுபடுத்தியது.

குழந்தைகளே, பெரம்பலூர் பலமா, அரியலூர் பலமா என்று நீங்கள் தாராளமாக வாதாடுங்கள். அதில் தவறே இல்லை. ஆனால் வாதாடும்போது இதையெல்லாம் கேளுங்கள். யாரோடு ஆடி ஜெயித்தார்கள்? சொந்த மைதானத்திலா, வெளியூரிலா? ஒரு முறையா, பல முறையா? தோற்ற பிறகு என்ன மாற்றிக்கொண்டார்கள்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடினால் வெறும் சத்தம் குறையும், விஷயம் விளங்கும்.

அதோடு இன்று மாலை பந்தை எடுத்துக்கொண்டு போனால், ரஹீம் சாகிப் வைத்த பாடத்தையும் செய்து பாருங்கள். பழகாத காலால் இருபது முறை உதையுங்கள். முதல் நாள் பந்து வேலிக்குள் போகும். பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மறுநாளும் உதையுங்கள்.